ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள்

அன்புள்ள செல்விக்கு,

நலம். நீயும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் சொன்னாள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்ளச் சொல், தலைகுனிந்து எதையும் தூக்க வேண்டாம். இங்கே மழை ஏமாற்றிவிட்டது. ஆனாலும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, அதுவரைக்கும் புண்ணியம்.

என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஒரு பணக்கார வீட்டுப் பெண் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களைத்தான் படிக்கிறேன், செல்வி. வேறெதிலும் மனசு போகவில்லை. பெயர் மரியன் ஹூப்பர். வீட்டில் க்ளோவர் என்று கூப்பிடுவார்கள். 1843-ல் பாஸ்டனில் பிறந்தவள். அம்மா கவிதை எழுதுகிறவர். காசநோயில் அவர் போனபோது இவளுக்கு ஐந்து வயது. அப்பா டாக்டர் ராபர்ட் ஹூப்பர் கண் வைத்தியர். குடும்பச் சொத்து இருந்ததால் தொழில் செய்து பிழைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. மறுகல்யாணம் செய்துகொள்ளாமல் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். கடைக்குட்டி இவள்.

1872-ல் வரலாற்றாசிரியர் ஹென்றி ஆடம்ஸைக் கட்டிக்கொண்டாள். அவருடைய தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அமெரிக்க ஜனாதிபதிகள். 1877-ல் இருவரும் வாஷிங்டனுக்குக் குடிபோனார்கள், வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் லஃபாயெட் சதுக்கத்துக்கு. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அப்பாவுக்குக் கடிதம். ஊரே சர்ச்சுக்குப் போகும் நேரத்தில் இவள் மேஜையில் உட்கார்ந்து அந்த வாரத்துக் கதையை ஒன்றுவிடாமல் எழுதுவாள்.

என்ன கதை தெரியுமா! யார் விருந்துக்கு வந்தார்கள், எந்த செனட்டர் எவரிடம் பணம் வாங்கியதாகப் பேச்சு, குதிரை எப்படி ஓடுகிறது, நாய்கள் என்ன செய்தன, எல்லாமே. ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டவனின் வழக்கு நடந்தபோது கோர்ட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறாள். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு ஊருக்கு வந்த சமயம், அவரை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதே என்று ஹென்றி ஜேம்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அந்த ஜேம்ஸ் எவ்வளவு பெரிய எழுத்தாளர்! அவர் நாவலைப் பற்றி அப்பாவுக்கு அவள் எழுதியதன் சாரம் இது: வாய்கொள்ளாமல் கடிக்கிறார் என்பது இல்லை குறை, கடித்ததைவிட அதிகமாக மெல்லுகிறார். இப்படி ஒரு வரியை அப்பாவுக்கு எழுத முடிகிற மகளும், அதை ரசிக்கிற அப்பாவும் எத்தனை வீட்டில் இருப்பார்கள்?

1883-ல் காமிராவை எடுத்தாள். எத்தனை விநாடி வெளிச்சம் விட்டாள், படம் எப்படி வந்தது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே போயிருக்கிறாள். வரலாற்றாசிரியர் பான்கிராஃப்ட் தள்ளாத வயதில் மேஜையருகே உட்கார்ந்திருப்பதை ஒரு படம் எடுத்தாள். அதை அச்சிட ஒரு பத்திரிகை ஆசிரியர் ஆசைப்பட்டார். கணவர் வேண்டாம் என்று எழுதிவிட்டார். இந்த இடத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. குடும்பப் பெயர் வெளியே வரக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். இருக்கட்டும். அந்தப் படம் அச்சில் வந்திருந்தால், அவளுக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு காரியம் இருந்திருக்கும்.

1885 மார்ச்சில் அப்பா படுத்துவிட்டார். இவள் பாஸ்டன் பக்கம் போய்க் கூடவே இருந்து பார்த்தாள். அப்போதுதான் ஹென்றி அவளுக்குக் கடிதம் எழுத உட்கார்கிறார். அதுவரை பிரிந்ததே இல்லை, எழுத அவசியமும் வரவில்லை. ஏப்ரல் 13-ம் தேதி டாக்டர் போய்ச் சேர்ந்தார்.

அதன்பிறகு அவள் தேறவில்லை. சதுக்கத்தில் பெரிய கட்டடக் கலைஞர் ரிச்சர்ட்சன் இவர்களுக்காகப் புது வீடு எழுப்பிக்கொண்டிருந்தார். அது முடியும் தறுவாய். டிசம்பர் 6, ஹென்றி சற்று வெளியே போய்த் திரும்புவதற்குள், போட்டோ கழுவ வைத்திருந்த ரசாயனத்தைக் குடித்துவிட்டாள். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. அக்கா எலனுக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதம் ஒன்று கிடைத்தது. கணவர் எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு பிரியமாக இருக்கிறார் என்பதை அதில் சொல்லியிருக்கிறாள். தன்னிடம் ஒரு நல்லதும் இல்லை என்கிற மாதிரியும் எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று.

பிள்ளை இல்லாத ஏக்கம் என்கிறார்கள் சிலர், குடும்பத்திலேயே இருந்த மனநோய் என்கிறார்கள் சிலர். அம்மா வழியில் சித்தி ஒருத்தியும் முன்பே இப்படித்தான் போனாள், அதனால் பின்னதில் உண்மை இருக்கும். ஒரே காரணம் என்று எதையும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் கடிதங்களை வரிசையாகப் படிக்கிறவளுக்கு ஒன்று தெரிகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் அவள் ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்துவைத்திருக்கிறாள். விருந்தில் யாரோ உளறினால், அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் முடிந்துகொள்கிறாள். சேர்த்ததைக் கொடுக்க ஆளில்லாமல் போன பிறகு அந்த வீட்டில் எத்தனை பேர் வந்து விருந்துண்டு என்ன?

ஹென்றி பிறகு எழுதிய தன் வரலாற்றில் கல்யாணம் ஆன 1872 முதல் 1892 வரை இருபது வருஷம் அப்படியே விடுபட்டிருக்கிறது. அவள் பெயரே இல்லை. கல்லறையில் செயின்ட்-கோடன்ஸ் வடித்த வெண்கலச் சிலை மட்டும் முக்காடிட்டு உட்கார்ந்திருக்கிறது, பெயர் பொறிக்கவில்லை. அதை ஆழ்ந்த துக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. துக்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இறந்தவள் பெயரைச் சொல்லாமல் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. நல்லவேளை, அப்பாவுக்கு எழுதியவை தப்பின. 1936-ல் ஒரு தொகுதி அச்சாயிற்று. கடிதங்களும் போட்டோ ஆல்பங்களும் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன.

இத்துடன் அவள் எடுத்த ஒரு படத்தின் பிரதி வைத்திருக்கிறேன். டீ மேஜையைச் சுற்றி அவளுடைய நாய்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். உங்கப்பா ஸ்டுடியோவில் இருட்டறை வேலையெல்லாம் நீ செய்தவள் அல்லவா? அந்தக் காலத்துக் காமிராவில், விநாடிக் கணக்கில் அசையாமல், நாய்களை எப்படி உட்காரவைத்திருப்பாள்? உனக்குத் தோன்றுவதை எழுது. போனில் சொல்லிவிடாதே.

அன்புடன்,
வாணி