ஓடுற மீனுக்கு வேலி

அன்புள்ள மரியதாஸ்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா, சந்தோஷம். மீன்பிடிக்க மூடிவைத்திருக்கிற சாகோஸ் தீவுக் கடலில், டியாகோ கார்சியா பக்கம் நம் தூத்தூர்ப் படகுகள் பிடிபடுவதைப் பற்றிக் கோபமாக எழுதியிருந்தாய். "ஓடுற மீனுக்கு வேலி போட்டு என்னடா ஆகப்போகுது?" என்று கேட்டிருந்தாய். ஹவாய்க்கு வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன்.

போன வாரம் மகன் ஹொனலுலு மீன் ஏலத்துக்குக் கூட்டிப்போனான். காலை ஐந்தரைக்கு மணி அடிக்கிறார்கள். நம் ஏலக் கூச்சல் இல்லை. மீன் ஒவ்வொன்றாக விலை போகிறது. வாலருகே ஒரு துண்டு அறுத்து மீன் மேலேயே வைத்திருக்கிறார்கள். வியாபாரி அதை விரலில் தேய்த்துக் கொழுப்புப் பார்க்கிறார். மஞ்சள் துடுப்புச் சூரையான நம் கேரையும் சரி, பெருங்கண் சூரையும் சரி, இரண்டு டூனா மீனும் இவர்களுக்கு 'ஆஹி'தான்.

இங்கே ஹவாயின் வடமேற்குத் தீவுகளைச் சுற்றி, வியாபாரத்துக்கு மீன் பிடிக்க மூடிய ஒரு கடல் காப்பகம். பாப்பஹானௌமொகுவாகேயா என்று பெயர், நாக்கு சுளுக்கும். 2006-ல் புஷ் அறிவித்ததை 2016-ல் ஒபாமா 200 கடல் மைல் வரை இழுத்துவிட்டார். 15 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல 11 மடங்கு. நீளக் கயிற்றில் நிறையத் தூண்டில் கட்டிச் சூரை பிடிக்கிற ஆயிரங்கால் தூண்டில்காரர்கள் பிழைப்பே போச்சு என்றார்கள்.

போகவில்லை. படகில் கூடவே போய் மீன் எண்ணுகிற பார்வையாளர்களின் கணக்கை வைத்து 2022-ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆயிரம் தூண்டிலுக்கு எத்தனை மீன் என்பதுதான் அளவு. 2016-க்குப் பிறகு காப்பக எல்லையை ஒட்டிக் கேரை 54 சதவீதம் கூடுதல், பெருங்கண் 12. எல்லையை விட்டு விலக விலக அந்தக் கூடுதலும் குறைகிறது. ஹவாய்க் கேரையில் பெரும்பகுதி தீவுகளை விட்டு ரொம்பத் தூரம் போவதில்லையாம். அதனால் உள்ளே பெருகியது வெளியே கசிகிறது என்கிறார்கள்.

ஆனால் இந்தப் படகுகளுக்குச் சோறு போடுவது பெருங்கண். அதற்குக் கிடைத்தது வெறும் 12. அது பசிபிக் முழுக்கச் சுற்றுகிற ஜாதி. பசிபிக் தீவு நாடான கிரிபாட்டி 2015-ல் தன் பீனிக்ஸ் தீவுக் கடலை மூடியதே, அங்கே பெருங்கண்ணுக்கும் வரிச்சூரைக்கும் பெரிதாக லாபமில்லை என்று 2023-ல் வேறு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். உள்ளே போக முடியாத கப்பல் வெளியே நின்று அதே மீனை வாரிவிடுகிறது, அவ்வளவுதான். மூடியவர்களே, கப்பல்கள் மீன் பிடிக்கக் கட்டுகிற உரிமக் காசு வேண்டுமென்று 2021-லேயே திறக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஏழை நாடு, குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆக, கேரைக்கு வேலி உதவும் என்று நம்புகிறேன். பெருங்கண்ணுக்கு, பிடிக்கிற அளவைக் குறைத்தால்தான் உண்டு.

நீ சொன்ன சாகோஸ் கடலை மூடியது 2010-ல். உங்கள் ஆட்கள் அந்த எல்லையோரம் போவதற்குக் காரணம் அங்கே கேரை கூடுதலாகப் படுவதா? கரைக்கு வந்தவர்களிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
சூசை