யன்னலை மட்டும் பூட்டவேண்டாம்

அன்புள்ள தங்கச்சி,

போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு குருநகர் வாசிகசாலைக்குக் கொஞ்சம் வெள்ளெனவே வந்துவிட்டேன். நீர் எடுக்கிற இசை வகுப்பு மூன்று மணிக்கு. இரண்டரைக்கே நீர் உள்ளே பியானோவில் இருந்தீர். இடது கைக்கு வருகிற ஒரு சின்னத் துண்டைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தீர். ஒருக்கால் மெதுவாய், அடுத்த தரம் இன்னும் மெதுவாய். மோதிர விரல் ஒவ்வொரு முறையும் அதே கட்டையில் சறுக்கியது. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று சின்னன்கள் எண்ணிக்கொண்டு நின்றார்கள். 17ஆவது தரம் சறுக்கவில்லை. "சரி வந்திட்டுது!" என்று ஒரு பொடியன் கத்தினான். நீர் திரும்பிப் பார்க்காமல் 18ஆவது தரம் தொடங்கினீர்.

அன்றைக்கே எழுத நினைத்தேன். இப்போதுதான் கை வந்தது.

கீபோர்ட் இரண்டு, பிள்ளைகள் பதினாறு பேர். மற்றவர்கள் காலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் கீறின கட்டைகளில் விரல் வைத்துப் பழகுகிறார்கள். சங்கராபரண ராகம் தெரிந்த பிள்ளைக்கு மேற்கத்தைய மேஜர் ஸ்கேல் என்கிற சுர வரிசை பாதி தெரிந்த மாதிரித்தான் என்று சொல்லி நீர் தொடங்கியது எனக்கு நல்லாய்ப் பிடித்தது. என் மகளுக்குப் பின்னக் கணக்கு விளங்கினதும் உம்மிடம்தான். முழுச் சுரம், அரைச் சுரம், கால் சுரம் என்று கைதட்டித் தட்டி, நாலு கால் சேர்ந்தால் ஒன்று என்பதைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இப்போது எல்லாரும் உம்மைக் கூப்பிடுகிறார்கள். இன்னும் இரண்டு ஊரில் வகுப்பு, நிவாரணப் பொதி கட்டுகிற வேலை, பரிசளிப்பு விழா, கூட்டம். ஒன்றும் கெட்ட காரியமில்லை. ஆனால் எனக்குப் பயமாய் இருக்கிறது.

தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எங்களுக்கு வயலின் சொல்லித்தந்த மாஸ்ரர் ஒருவர் இருந்தார். நாங்கள் போகும்போது தனக்காக வாசித்துக்கொண்டிருப்பார். முடியும்வரை வாசலில் நிற்போம். நான் படித்ததில் பாதி அந்த வாசலில் படித்தது. 1995இல் யுத்தத்தால் எல்லாரும் இடம்பெயர்ந்து கிழக்கே தென்மராட்சிக்குப் போனபின் அவர் ஓடாத ஓட்டமில்லை. முகாமில் பெயர் பதிவது, அரிசிக்கு வரிசை ஒழுங்குபடுத்துவது, நோயாளியைக் கொண்டு போவது. செய்யத்தான் வேண்டும், செய்தார். திரும்பி வந்தபின்னும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. வயலின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. எனக்குப் பிறகு வந்த பிள்ளைகள் அவர் வாசித்துக் கேட்டதே இல்லை.

வெனிசுவேலாவில் 1975இல் பிள்ளைகளுக்காக ஓர்கெஸ்ட்ரா இயக்கத்தைத் தொடங்கின ஹோசே அந்தோனியோ அப்ரேயு, பொருளாதாரம் படித்தவர். பியானோவும் வாசிப்பார். ஏழைப் பிள்ளைகள்தானே, இவ்வளவு காணும் என்று அவர் விடவில்லை. பெரிய ஓர்கெஸ்ட்ராக்கள் வாசிப்பதையே வாசிக்க வைத்தார். அங்கே வளர்ந்த ஓர்கெஸ்ட்ரா நடத்துநர் குஸ்தாவோ துதமேலை இன்றைக்கு உலகமே கேட்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் அந்த அளவுகோல் வேண்டும். அது உம்முடைய விரலில்தான் இருக்கிறது. அது மங்கினால் காலண்டர் மட்டையில் விரல் வைக்கிற பிள்ளை எதைக் கேட்டு ஆசைப்படும்?

அந்தப் பியானோ படுகிற பாட்டையும் சொல்லவேண்டும். உள்ளே 200க்கு மேல் கம்பி, கடலோ கூப்பிடுதூரம். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், மாரியில் பலகை ஊதிச் சுருதி கலையும். சுருதி கூட்ட ஆள் கொழும்பிலிருந்து வரவேண்டும். அந்தச் செலவைப் பெற்றோர் நாங்கள் பங்கு போடுவதாய்ப் பேசிவிட்டோம். நீர் அதற்காக ஒருவரிடமும் கேட்டுத் திரியவேண்டாம்.

வரவு பதிவதையும் மட்டை கீறுவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். வாசிகசாலைத் திறப்பும் என்னிடம் இருக்கட்டும். இனிச் சனிக்கிழமைகளில் ஒரு மணிக்கே திறந்து வைப்பேன். மூன்று மணி வரைக்கும் அது உம்முடைய நேரம். யார் தேடி வந்தாலும் வெளியில் நானே கதைத்து அனுப்புவேன். கதவை உள்ளே பூட்டிக்கொள்ளும். யன்னலை மட்டும் பூட்டவேண்டாம்.

அன்புடன்,
ஒரு மாணவியின் அப்பா