மருந்துக்கடையில் நிற்கவா நாலு வருஷம் என்று கேட்ட அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

வணக்கம். கோயில் அன்னதானத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. நல்ல கூட்டம், பக்கத்தில் உங்கள் மகள் பாப்பாவும் நின்றாள். "மருத்துவம் கிடைக்கிற மாதிரி தெரியல, ஃபார்மசிக்கு எழுதிப் போடுறேங்கிறா. பெனடோல் விக்கிறதுக்கா நாலு வருஷம் படிக்கணும்?" என்றீர்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. பீடோங்கில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி ஓடிக்கொண்டிருக்கும் என்பதால்தான் பொதுவில் எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை.

பெனடோல் விற்க நாலு வருஷப் படிப்பு வேண்டாம் அண்ணே. அது சாதாரணக் காய்ச்சல், வலி மாத்திரை, மளிகைக்கடையிலேயே கிடைக்கிறது. மருந்தாளுநர் எதற்கு வேண்டும் என்று சொல்ல, என் கடையில் நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டி வந்தார். தோட்டத்து லயத்தில் பிறந்து, வயசு காலம் முழுக்க ரப்பர் பால் வெட்டி, தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு மலிவு விலை வீட்டுக்கு வந்தவர். கால் ரெண்டும் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்திருந்தது. "தம்பி, நீர் வத்துற மாத்திரை ஒரு பத்து குடு" என்றார். வீட்டில் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னேன். மறுநாள் ஒரு மைலோ டின்னோடு வந்தார். கவுண்டரில் கொட்டிப் பார்த்தேன். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம். அதற்குக் கீழே, டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் வாங்கிய அட்டை. கம்பெனிப் பெயர் வேறு, மாத்திரையின் வடிவம் வேறு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால் அதுவும் அம்லோடிபின் 10. காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று ரெண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம்தான் வழக்கமான உச்ச அளவு. அளவு கூடினால் கால் வீங்குவது அந்த மருந்தின் குணம்.

அவர் கேட்ட நீர் மாத்திரையைக் கொடுத்திருந்தால் வீக்கம் போயிருக்காது. ஏற்கெனவே இறங்கிக் கிடந்த இரத்த அழுத்தம் இன்னும் இறங்கி, ராத்திரி கழிப்பறைக்குப் போகிற வழியில் விழுந்திருப்பார். அந்த வயசில் இடுப்பு எலும்பு உடைந்தால் பிறகு எழுந்து நடப்பது பெரும்பாடு. ரெண்டு கிளினிக்குக்கும் போன் போட்டுப் பேசினேன். டாக்டர்கள் ஒன்றை நிறுத்தினார்கள். வீக்கம் வடிந்தது. தவறு யார் மேலும் இல்லை. இந்த டாக்டர் கொடுத்தது அந்த டாக்டருக்குத் தெரியாது. உறையில் இருந்தது மலாய், பாட்டிக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். டின்னைத் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் தமிழ் பேசுகிறவனாகவும் இருந்ததால் பாட்டி மறைக்காமல் எல்லாவற்றையும் கொண்டுவந்தார்.

இந்த வேலைக்குத்தான் நாலு வருஷம்.

நம் மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நம் ஊரில் கணக்கெடுப்பே தேவையில்லை; கோயிலில் சர்க்கரைப் பொங்கலை வாங்கிப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுகிறவர்களை எண்ணினால் போதும். பெரிய ஆஸ்பத்திரிகளிலும் பல கிளினிக்குகளிலும் எம்டிஏசி என்று, மருந்தைச் சரியாக எடுத்துக்கொள்ள வழிகாட்டும் ஒரு தனிப் பிரிவு உண்டு. அங்கே நோயாளியை உட்காரவைத்துப் பேசுவது மருந்தாளுநர். இன்சுலின் ஊசியை எங்கே குத்துகிறீர்கள் என்று சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்வார். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் தடித்துவிட்டால் மருந்து சரியாக ஏறாது. சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். விரத நாளில் மாத்திரையை எப்படி மாற்றுவது, ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது, இதையெல்லாம் நம் அம்மாமார்கள் மலாயில் கேட்கத் தயங்குவார்கள். உங்கள் மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தயங்க மாட்டார்கள்.

படிப்பு எப்படி என்று கேட்டீர்களல்லவா? பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், அசாசி, இவற்றில் ஏதோ ஒன்றை அறிவியலில் முடிக்க வேண்டும். வேதியியல் நன்றாக வர வேண்டும். பாப்பாவுக்கு அதுதான் பிடித்த பாடம் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அப்புறம் நாலு வருஷப் பட்டப்படிப்பு. அதற்குப் பிறகு ஒரு வருஷம் தற்காலிகப் பதிவு பெற்ற மருந்தாளுநராகப் பயிற்சி, கூடவே மருந்துச் சட்டத்தில் ஒரு தேர்வு. அது முடிந்தால்தான் மருந்தாளுநர் வாரியத்தில் முழுப் பதிவு. பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் ஃபார்மசி 1972-இலிருந்தே இருக்கிறது. யூகேஎம், மலாயாப் பல்கலைக்கழகம், யூஐடிஎம் ஆகியவற்றிலும் உண்டு. நம் வாசலில் செமிலிங்கில் எய்ம்ஸ்ட் தனியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. விடுதிச் செலவு மிச்சம். ஆனால் தனியாரில் கட்டணம் பல இடங்களில் ஒரு லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும். அரசாங்கத்தின் பிடிபிடிஎன் கல்விக் கடன் முழுதுக்கும் போதாது. எந்த இடமானாலும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தப் படிப்பு வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜெண்டு சொல்வதை நம்பி வெளிநாட்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். அங்கீகாரம் இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே பதிவு செய்ய முடியாது.

வேலையைப் பற்றி நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் படித்து முடித்தால் அரசாங்க வேலை கையில். 2016 கடைசியிலிருந்து புதியவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். அதில் ஒரு பகுதியினருக்கே நிரந்தரம் கிடைக்கிறது. பிள்ளைகள் இதனால் மனம் நொந்துபோயிருக்கிறார்கள். நோயாளி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிற நாட்டில் இது சரியான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. இதை மறைத்துவிட்டு "ஃபார்மசி படிச்சா வாழ்க்கை செட்டில்" என்று சொல்கிறவர்கள் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரியைத் தவிர வேறு கதவுகளையும் பாப்பா இப்போதே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே வெளியாட்கள் கண்ணில் படாத வேலைகள் பல. புற்றுநோய் மருந்தைக் கலக்கும் அறையை ஒருமுறை கண்ணாடி வழியாகப் பாப்பா பார்க்க வேண்டும். மேலங்கி, முகமூடி, ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு கையுறை. காற்றை வடிகட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை மட்டும் விட்டு, அந்த நோயாளியின் உடல் அளவுக்குக் கணக்குப் போட்ட மருந்தை ஊசியில் இழுப்பார்கள். ஒரு தசமப் புள்ளி தள்ளிப் போனால் உயிருக்கு ஆபத்து. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்காமல் எதுவும் வெளியே போகாது.

வெளியே என்றால் மருந்துத் தொழிற்சாலைகள்: ஈப்போவில் ஹோவிட், மலாக்காவில் கோத்ரா, இப்படிப் பல. தயாரிப்பு, தரக் கட்டுப்பாடு, பதிவு விண்ணப்பம் என்று அங்கே ஆள் வேண்டும். மருந்து ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. விரிவுரையாளராகப் போகலாம்.

பெட்டாலிங் ஜெயாவில் என்பிஆர்ஏ என்ற அரசாங்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறது; இந்த நாட்டில் விற்கும் ஒவ்வொரு மருந்தும் அவர்களிடம் பதிவாக வேண்டும். பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் அங்கிருந்து வருவதுதான். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்கள் வீட்டுக்கும் வந்த விஷயம். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூட்டுவலிக்கு என்று விற்ற பொடியை அண்ணி சாப்பிட்டார்களே, ரெண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றார்களே. அப்படிப்பட்ட பல சரக்குகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்திருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். வலி போவது அதனால்தான். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காமல் சாய்ந்துவிடும். அந்தப் பொடியை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதும், விற்றவன் கடையில் சோதனை போட்டு அவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதும் மருந்தாளுநர்கள் செய்யும் வேலைதான். அமலாக்கப் பிரிவில் நம் பிள்ளைகள் இன்னும் நிறைய பேர் வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம், என்னைப் போல் கடை. நச்சுப்பொருள் சட்டம் 1952-இல் வந்தது. இன்றும் கடையை ஆள்வது அதுதான். மருந்தாளுநரின் பெயரில் ஏ வகை உரிமம் வேண்டும். ஆன்டிபயாடிக் போன்ற பி பிரிவு மருந்துக்கு டாக்டர் சீட்டு கட்டாயம். சி பிரிவு மருந்தைச் சீட்டு இல்லாமல் நானே கொடுக்கலாம். ஆனால் யாருக்கு, என்ன, எவ்வளவு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். "பழகுன ஆளுதானே, எழுதாம குடு" என்பார்கள். எழுதாமல் கொடுப்பதில்லை. வருமானம்? நம் நாட்டில் தனியார் கிளினிக் டாக்டர்களே மருந்தையும் கொடுத்துவிடுகிறார்கள்; அதனால் சின்னக் கடைகளுக்குச் சீட்டு குறைவாகத்தான் வரும். பெரிய மருந்தகக் குழுமங்கள் விலையைக் குறைத்துக்கொண்டே போகின்றன. 2025 மே 1 முதல் மருந்து விலையை எல்லோரும் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. மக்களுக்கு அது நல்லது, வரவேற்கிறேன். கடையில் பணம் கொட்டும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். குடும்பம் கௌரவமாக நடக்கும்.

சின்னவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவனுக்குப் பல்கலைக்கழகம் வரை போக மனசில்லை என்றீர்கள். பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் அறிவியலும் கணிதமும் சரியாக இருந்தால், சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்தில் மூன்று வருஷ டிப்ளோமா படித்து உதவி மருந்தாளுநராக வரலாம். மருந்து நிரப்புவது, கையிருப்பைப் பார்ப்பது, கலவை தயாரிப்பது என்று ஃபார்மசி ஓடுவதே அவர்கள் கையில். நம் அப்பாமார் காலத்துத் தோட்டத்து டிரெசரை, அந்த மருத்துவ உதவியாளரை, நினைத்துப் பாருங்கள். ராத்திரி எந்நேரம் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்னால் எல்லோரும் அவர் முன்னால்தான் வரிசையாக நின்றார்கள். அவருக்கு யார் மரியாதை குறைத்தார்கள்?

பாப்பாவிடம் "டாக்டர் கிடைக்கலியே" என்று இனிச் சொல்லாதீர்கள் அண்ணே. அவள் வேறு வழியில்லாமல் பிடித்த படிப்பு இல்லை இது. மருத்துவம் கிடைத்திருந்தாலும் அவள் இதைத்தான் எடுத்திருப்பாளோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அவள் கடைக்கு வரும்போதெல்லாம் அட்டைகளின் பின்பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிப் படிப்பாள். சனிக்கிழமை லோரி ஓட்டம் முடிந்ததும் ரெண்டு பேரும் கடைக்கு வாருங்கள். அவளுடைய தேர்வு முடிவையும் அவள் எழுதிவைத்திருக்கும் பல்கலைக்கழகப் பட்டியலையும் எடுத்து வரச் சொல்லுங்கள். எதை முதலில் போடுவது, எதை எடுத்துவிடுவது என்று உட்கார்ந்து பார்ப்போம். கட்டணக் கணக்கை நான் தாளில் போட்டு வைக்கிறேன். மைக்ரோஸ்கோப்பிலிருந்து சம்பளம் வரை அவளுக்கு நூறு கேள்வி இருக்கும், அவளே கேட்கட்டும்.

அண்ணியையும் அழைத்து வாருங்கள், அந்தப் பொடி டப்பாவோடு.

அன்புடன்,
கடைக்காரத் தம்பி
பீடோங், கெடா