"இருக்கத்தான் செய்யும்" என்று எப்படி எழுதினீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் ஒரு வாசகருக்குச் சொன்ன பதில்: "எச்.ஐ.வி.யோடு காசநோயும் சேர்ந்தால் சோர்வு, வாந்தி, எடைக்குறைவு எல்லாம் இருக்கத்தான் செய்யும். மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்." அப்பா காலத்திலிருந்து உங்கள் இதழ் வரும் வீடு எங்களுடையது. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

இதே வார்த்தையைச் சொல்லித்தான் எச்.ஐ.வி. உள்ள என் தம்பியை ஆஸ்பத்திரியில் கைவிடப் பார்த்தார்கள். காசநோய் மாத்திரை தொடங்கிய பிறகு அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. ட்ரிப்ஸ் ஏறும்வரை தெளிவான், நிறுத்தினால் பி.பி. மறுபடி இறங்கிவிடும். ரிப்போர்ட்டில் சோடியம் குறைவு. சாப்பிடாததால் என்றார்கள். ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுத்திருப்பதை அம்மா காட்டினாள். எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையால் வரும் கறுப்பு என்றார்கள். எந்நேரமும் நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டான்; அதை யார் கவனிப்பார்கள்? "இந்த வியாதிக்கு இப்படித்தாம்மா."

இரவுப் பணிக்கு வந்த ஓர் இளம் டாக்டரம்மாதான் கறுப்பு, உப்பு ஆசை, சோடியம், பி.பி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைச் சந்தேகப்பட்டார். அது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சோதிக்க ரத்தம் எடுத்த கையோடு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் அதற்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். மறுநாள் தம்பி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான்.

கடும் தொற்று வந்தால் அட்ரீனல் சுரப்பி வழக்கத்தைவிட அதிகமாகக் கார்ட்டிசால் சுரக்க வேண்டும். இல்லையென்றால் ரத்த அழுத்தம் நிற்காது. எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு அந்தச் சுரப்பியையே காசநோயும் சைட்டோமெகலோ வைரஸும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் தாக்கலாம். போதாக்குறைக்கு, காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இருக்கிற கார்ட்டிசாலையும் வேகமாகச் சிதைக்கும். அதுவரை ஒப்பேற்றிக்கொண்டிருந்த சுரப்பி அப்போதுதான் படுத்துவிடுகிறது. காசநோய் இந்தச் சுரப்பியை அழிக்கும் என்பது ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-ல் எழுதிய காலத்துச் செய்தி. சோர்ந்தவர்கள் எல்லோருக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமலே தேற்றிக்கொள்ளச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இது முதல் தடவையும் அல்ல. ஸ்டீராய்டு என்றாலே எலும்பு உருகும், பக்கத்திலேயே போகாதீர்கள் என்று இதே பக்கத்தில் முன்பு ஒரு கட்டுரை வந்தது. சித்தப்பா அதை வெட்டிக்கொண்டு வந்து கொடுக்க, மாத்திரையை நிறுத்தச் சொல்லி அம்மா ஒரே அழுகை. உடம்பு சுரக்காததற்கு ஈடாகத்தான் என் தம்பிக்கு அந்த மாத்திரை. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அப்போதே விளக்கமாக எழுதினேன். நீங்கள் வெளியிடவில்லை.

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம் வந்தால் சிவப்பு ரிப்பன் படம் போடுகிறீர்கள். தம்பியின் கட்டில் தலைமாட்டில் வார்டே பார்க்கும்படி குறி போட்டு வைத்திருந்தார்களே, அதைப் பற்றி யார் எழுதுவது? எச்.ஐ.வி. இருப்பதை நோயாளியின் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்ற சட்டம் 2018 செப்டம்பரிலேயே அமலுக்கு வந்துவிட்டது. நாட்டில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில்தான். அதைக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமனையும் டாக்டர் நிர்மலாவையும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி இந்த நோயோடு வந்த எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறது! இவ்வளவு அனுபவம் உள்ள மாநிலத்திலா இன்னும் "இப்படித்தான்"?

நான் கேட்பது நான்கு வரி. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் போடுங்கள்: எச்.ஐ.வி.யும் கடும் தொற்றும் உள்ளவருக்கு பி.பி. ஏறாமல், சோடியம் குறைந்து, வாந்தி நிற்காமல் இருந்தால், கார்ட்டிசால் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்துக்கடையில் ஸ்டீராய்டைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை வெளியிட்டால் என் பெயரும் ஊரும் வேண்டாம். தம்பி இப்போதுதான் மறுபடி வேலைக்குப் போகிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி