தாய் ஓவுக்கு ஒரு பகல்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்த செய்தியில் வீடே மகிழ்ந்தது. அவள் வேலையில் சேருமுன் நவம்பரில் மூன்று பேரும் ஹாங்காங் போய்வருவது நல்ல யோசனை. ஒரு நாளாவது ஓட்டமில்லாமல் கடலோரத்தில் கழியவேண்டும், எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறாய். லாண்டாவ் தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் தாய் ஓ மீனவ கிராமத்துக்குப் போங்கள்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். அதே தீவில்தான் நோங் பிங்கின் பெரிய புத்தர் சிலையும் இருக்கிறது. பயண ஏற்பாட்டாளர்கள் இரண்டையும் ஒரே நாளில் கோத்துவிடுவார்கள். கேபிள் கார் வரிசையில் நின்று, 268 படி ஏறி இறங்கி, தாய் ஓ வந்து சேரப் பிற்பகல் மூன்று மணி ஆகிவிடும். ஒரு மணி நேரத்தில் கிளம்பச் சொல்வார்கள். புத்தருக்கு வேறு நாள் ஒதுக்கு. தாய் ஓவுக்கு வார நாளில் போ. ஞாயிறும் அரசு விடுமுறையும் கூட்டம் நெரியும், பேருந்துக் கட்டணமும் அன்று கூடுதல்.

நீங்கள் தங்கும் சிம் ஷா சுயியிலிருந்து மெட்ரோவில் ஏறி, லாய் கிங்கில் மாறி, துங் சுங்கில் இறங்குங்கள். ‘பி’ வாசல் வழியாக வெளியே வந்தால் பேருந்து நிலையம். 11ஆம் எண் பேருந்து ஏறத்தாழ ஐம்பது நிமிடத்தில் தாய் ஓவில் விடும். மலைப்பாதை, வளைவுகள் அதிகம். தங்கச்சிக்கு வாந்தி வரும் என்றால் ஏறுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல். வழியில் ஷெக் பிக் அணையின் மேலேயே பேருந்து போகும். சிவப்பு டாக்சியை நம்பாதே, துங் சுங்கைத் தாண்டி அந்தப் பக்கம் அதற்கு அனுமதி இல்லை. நீல டாக்சிதான் போகும், அதுவும் எண்ணிக்கையில் குறைவு. பேருந்துக்கு, முன்பணம் நிரப்பிப் பயன்படுத்தும் ஆக்டபஸ் பயண அட்டை போதும். கிராமத்துச் சிறு கடைகளுக்குச் சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்.

ஊரின் உயிர் அந்தக் கால்வாய்தான். இருகரையிலும் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் வீடுகள், பெரும்பாலும் தகரம் போர்த்தியவை. தங்கா மீனவர்கள் படகு வாழ்க்கையை விட்டுக் கரைக்கு வந்தபோது கட்டியவை. 2000ஆம் ஆண்டு தீப்பிடித்துப் பல வீடுகள் எரிந்து, திரும்பக் கட்டினார்கள். 2017இல் ஹாட்டோ புயலிலும் அடுத்த ஆண்டு மங்குட் புயலிலும் கடல்நீர் வீட்டுக்குள் ஏறியது. இன்று கால்வாயைக் கடக்கிற பாலம் 1996இல்தான் வந்தது. அதுவரை கயிற்றைக் கையால் இழுத்துச் செலுத்தும் படகுதான் துணை.

இங்கே பலர் கோட்டைவிடும் விஷயம் கடலின் ஏற்றமும் வற்றமும். நீர் வற்றிய நேரத்தில் போனால் கால்வாயில் சேறும் சாய்ந்து கிடக்கும் படகுகளும்தான் கண்ணில் படும், வாடையும் அடிக்கும். ஹாங்காங் வானிலை ஆய்வகம் ஏற்ற நேரத்தை முன்கூட்டியே வெளியிடுகிறது. பார்த்துவிட்டு, நீர் ஏறிவரும் வேளையில் பாலத்தருகே இருக்குமாறு நாளை அமைத்துக்கொள். வீடுகளை ஒட்டிய பலகை நடைபாதைகள் சில, குடியிருப்பவர்களின் முன்வாசல். திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டக்கூடாது என்று சின்னவளிடம் சொல்லிவை.

அடுத்தது இறால் விழுது. நம் ஊரில் கூனி என்கிறோமே, அந்த வகைப் பொடி இறாலை உப்புச் சேர்த்து அரைத்து, பீப்பாயில் புளிக்கவிட்டு, மூங்கில் தட்டில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். வேலை நடப்பது கோடையில். மழை பிடித்தால் காயாமல் கெடும். 2012 கடைசியில் ஹாங்காங் கடலில் இழுவலை தடைசெய்யப்பட்டது. கடலடி சீரழிவதைத் தடுக்க அது தேவையான தடைதான் என்பேன். ஆனால் அதன்பின் உள்ளூர் இறால் கிடைக்காமல் சீனப் பெருநிலத்திலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. விழுது செய்யும் குடும்பங்கள் சிலதான் மிச்சம்.

வாங்கினால் புட்டியை இரண்டு பையில் இறுகக் கட்டி, சரக்காக அனுப்பும் பெட்டியில் வை. கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கால் கிலோ கணவாய்க்கு ஒரு தேக்கரண்டி போதும். எண்ணெயில் பூண்டு சிவந்ததும் விழுதைப் போட்டு, மணம் மாறும்வரை வதக்கி, பிறகு கணவாயைச் சேர். உப்பே போடாதே. அடுப்பு தணிவாக இருந்தால் கணவாய் நீர் விட்டு ரப்பராகும். திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

தங்கச்சி சைவமல்லவா? இறால் விழுதும் சிப்பிச் சாறும் காய்கறியில்கூடக் கலந்திருக்கும். இஞ்சிப் பாகு ஊற்றிய டோஃபு இனிப்பை நம்பிச் சாப்பிடலாம். மதிய உணவைக் கையோடு கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

இளஞ்சிவப்பு ஓங்கில் (டால்பின்) காட்டுகிறோம் என்று படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள். கடலை நிரப்பிக் கட்டியதாலும் விரைவுப் படகுகளின் இரைச்சலாலும் ஹாங்காங் கடலில் அவை ஐம்பதுக்கும் கீழே குறைந்துவிட்டன. அரை மணிச் சவாரியில் தென்படுவது அரிது. கால்வாயை நீர்மட்டத்திலிருந்து பார்க்கலாம் என்று எண்ணி ஏறினால் ஏமாற்றமில்லை.

கடைகள் மாலை ஐந்து, ஆறுக்குள் மூடும். பகல்கூட்டமும் அதற்குள் கலைந்துவிடும். அப்போது 1902இல் கட்டிய பழைய காவல் நிலையத்தின் பக்கம் நடந்து போங்கள், இப்போது அது விடுதி. நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மேற்குக் கடலில் இறங்கிவிடும்.

திரும்பும்போது 11 வேண்டாம். 1ஆம் எண் பேருந்தில் முய் வோ வந்து, சென்ட்ரலுக்குக் கப்பல் ஏறுங்கள். விரைவுக் கப்பல் என்றால் நாற்பது நிமிடம், சாதாரணம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. வந்து நிற்பது 6ஆம் துறை. பக்கத்து 7ஆம் துறையிலிருந்து ஸ்டார் ஃபெர்ரி படகு உங்களைச் சிம் ஷா சுயியில் இறக்கிவிடும்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஹாங்காங் குடிவரவுத் துறையில் வருகையை முன்பதிவு செய்வது கட்டாயம். இணையத்தில் இலவசம், பதினான்கு நாள் வரை தங்கலாம், பதிவுச் சீட்டு ஆறு மாதம் செல்லும். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் நிரப்பி, அச்செடுத்து வைத்துக்கொள். விமானச் சீட்டு வாங்கும் முன்பே இதை முடித்துவிடு. தேதி உறுதியானதும் எழுது, எந்த நாள் ஏற்றம் உங்களுக்குத் தோதாக வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்