அப்பா கேட்ட ரோடு

கிரேமவுத், நியூசிலாந்து
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? மழைக்காலத்தில் உங்களுக்கு வரும் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

போன மாதம் போனில் பேசும்போது, "வேலை, சம்பளம், குளிர் எல்லாம் மற்றவர்கள் கேட்டாயிற்று, ரோடு எப்படி இருக்கிறது, அதைச் சொல்லு" என்றீர்கள். முப்பது வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவருக்கு அதை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் ஒரு வாரம் லீவும் கிடைத்தது. கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு, என் பழைய காரிலேயே இந்தக் கரையைப் பார்த்துவிட்டு வந்தேன். அதனால் இது முழுக்க ரோட்டுக் கடிதம். அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன் என்று சொல்லுங்கள்.

முதலில் இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது தெற்குத் தீவின் மேற்கு ஓரம். ஒரு பக்கம் டாஸ்மன் கடல், மறுபக்கம் சதர்ன் ஆல்ப்ஸ் மலைத்தொடர், நடுவே வேட்டிக்கரை மாதிரி ஒடுங்கிய நிலம். நீளம் சுமார் 600 கிலோமீட்டர். அவ்வளவு நீளத்துக்கும் சேர்த்து ஜனங்கள் முப்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, மழையாகக் கொட்டிவிடுகிறது. பக்கத்து ஊரான ஹோக்கிடிகாவில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,900 மில்லிமீட்டர். அதற்குப் பின்னால் மலைக்குள், கிராப் ஆற்றுப் பக்கம், 11,000-க்கும் மேல். மலையைத் தாண்டிக் கிழக்கே போனால் கிறைஸ்ட்சர்ச்சில் 600-ஐ ஒட்டித்தான். இங்கே பெய்து தீர்த்துவிட்டு, அந்தப் பக்கம் வெறும் காற்றாகப் போகிறது.

வந்த புதிதில் இந்த மழையை நினைத்தாலே எனக்கு அழுகை வரும். உங்களிடம் அப்போது சொல்லவில்லை. துணி காயாது, ஷூ காயாது. மழை விட்ட காலையிலோ ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகக் குளிர்காற்று ஒன்று ஊருக்குள் இறங்கும். சவரக்கத்தி மாதிரி கிழிப்பதால் அதற்கு 'பார்பர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மழையைத் திட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தே மூன்று மாதம் போயிற்று. ரோட்டில் இறங்கிய பிறகுதான் இந்த ஊர் எனக்குப் பிடிபட்டது.

இங்கும் வண்டி இடது பக்கம்தான், அதில் சிரமமில்லை. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆர்தர்ஸ் பாஸ் என்ற கணவாய் வழியாக முதல் தடவை வந்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். உச்சி 920 மீட்டர். ஏறி வருவது சாதாரணமாக இருக்கும், மேற்கே இறங்கும்போதுதான் செங்குத்து. முன்பு அந்த இறக்கம் சரிந்துகொண்டே இருக்கும் ஒரு மலைச்சரிவில் கொண்டை ஊசி வளைவுகளாக இருந்ததாம். 1999-இல் அந்தச் சரிவைத் தொடாமல், பள்ளத்தாக்குக்கு மேலே 440 மீட்டர் நீளத்தில் ஓட்டிரா பாலத்தைக் கட்டிவிட்டார்கள். அதில் இறங்கும்போது "பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே, கியரில் இறக்கு" என்ற உங்கள் குரல் காதில் கேட்டது. இரண்டாவது கியரில்தான் இறக்கினேன் அப்பா.

அங்கே ஓரமாக நிறுத்தினால் கேயா என்ற பச்சைக் கிளி வரும். கோழி அளவு இருக்கும், வண்டியின் ஜன்னல் ரப்பரை அலகால் உரித்தெடுக்கும். தீனி மட்டும் போடக்கூடாது, அது அதற்கே கெடுதல் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் பாலங்கள். இந்தக் கரையில் பத்து நிமிடத்துக்கு ஓர் ஆறோ ஓடையோ குறுக்கே வரும். பல பாலங்களில் ஒரு வண்டிதான் போக முடியும். நம் மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பீர்களே, இங்கே அந்தச் சட்டத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். சிவப்பு வட்டத்துக்குள் என் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நான் நிற்க வேண்டும். நீலப் பலகையில் என் அம்பு பெரிதாக வெள்ளையில் இருந்தால் எதிரே வருபவர் நிற்பார். யாரும் ஹாரன் அடிப்பதில்லை, முந்திக்கொண்டு மூக்கை நுழைப்பதும் இல்லை. காத்திருப்பதில் இங்கே யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது. எனக்கு இந்த ஊரில் முதலில் பிடித்துப்போனது இதுதான்.

முதல் நாள் வடக்கே, 45 கிலோமீட்டர் தள்ளி புனகைகி. கடலை ஒட்டியே போகும் ரோடு, ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் பாறைச் சுவர். அங்கே சுண்ணாம்புப் பாறைகள் தோசையை அடுக்கின மாதிரி தட்டுத் தட்டாக நிற்கின்றன. சுமார் 3 கோடி வருடங்களுக்கு முன் கடலடியில் சிப்பித் தூளும் சேறும் மாறி மாறிப் படிந்து இறுகியதாம். பிறகு நிலம் மேலே எழுந்து, மென்மையான அடுக்குகளை மழையும் அலையும் அரித்துவிட்டன. வண்டியை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் நடந்தால் போதும், சுற்றி வந்துவிடலாம். ஆனால் கடல் ஏற்றமாக இருக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். பாறைக்கு அடியில் குகைகள் இருக்கின்றன. பெரிய அலை உள்ளே நுழையும்போது முதலில் காலடியில்தான் தெரியும், பஸ் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது பலகையில் ஒரு அதிர்வு வருமே, அது மாதிரி. அதற்குப் பிறகு 'தும்' என்று சத்தம், கடைசியில்தான் தண்ணீர் துவாரம் வழியாக மரம் உயரத்துக்குப் பீறிட்டு வரும். நாங்கள் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றோம். முகமெல்லாம் உப்பு.

மறுநாள் தெற்கே திரும்பினோம். ஹோக்கிடிகா கடற்கரை முழுக்க ஆறுகள் மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்த மரக்கட்டைகள். 1860-களில் தங்கம் கிடைத்து ஜனம் குவிந்த ஊர் அது, இப்போது அமைதியாக இருக்கிறது. அந்தக் கரையில் பச்சைக் கல் கிடைக்கும், இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதைப் பொவுனமு என்பார்கள். அந்தக் கல்லின் உரிமையை 1997-இல் சட்டம் போட்டு ஙாய் தாஹு என்ற மாவோரிக் குழு மக்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கடற்கரையில் கண்ணில் பட்டதை, ஓர் ஆள் தூக்கக்கூடிய அளவுக்கு எடுத்துக்கொள்ள அவர்கள் அனுமதிக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது வெறும் கூழாங்கல். ஈரத்தில் பச்சையாகத் தெரிந்தது, பையில் காய்ந்ததும் சாம்பல் நிறமாகிவிட்டது. அதையும் வைத்திருக்கிறேன்.

ஃபிரான்ஸ் ஜோசஃப் என்ற ஊரில் இரவு தங்கினோம். பனியாற்றின் பெயரே ஊருக்கும். ராத்திரி முழுக்கத் தகரக் கூரையில் கல்லைக் கொட்டுவது போல மழை. காலையில் தெற்கே போகும் ரோடு மூடியிருந்தது, ஸ்லிப். மண்சரிவை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், தினமும் புழங்குகிற வார்த்தை. எனக்குப் பதற்றம். ஆறு நாளில் ஒரு நாள் போய்விட்டதே என்று தங்குமிடத்து அம்மாவிடம் போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் அதே அறைச் சாவியை எடுத்து மறுபடி என் கையில் வைத்தார்.

அன்று பகலில், மழை கொஞ்சம் விட்டபோது, ஊர் எல்லையில் வைஹோ ஆற்றுப் பாலத்தைப் போய்ப் பார்த்தோம். அது இரும்புச் சட்டங்களைப் பூட்டிக் கட்டும் பெய்லி பாலம். 2019 மார்ச் 26-ஆம் தேதி வெள்ளம் அதை அப்படியே அடித்துக்கொண்டு போயிற்று. 18 நாளில் மறுபடி கட்டித் திறந்துவிட்டார்கள். பனியாறு அரைத்துத் தள்ளுகிற சரளைக் கல் வந்து நிரம்பி, ஆற்றின் படுகை உயர்ந்துகொண்டே போகிறது. தண்ணீர் சிமெண்ட் கரைத்த நிறம். கரையில் நின்றால் தண்ணீருக்கு அடியில் பாறைகள் உருண்டு ஒன்றோடொன்று மோதுவது 'கடக் கடக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்தை மறக்காமல் வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. ஏன் என்று சொல்கிறேன்.

அடுத்த நாள் ரோடு திறந்தது. ஃபாக்ஸ் என்ற ஊர்ப் பக்கம் மேதிசன் ஏரியைச் சுற்றி விடியற்காலையில் நடந்தோம். காட்டுச் சருகு ஊறி ஊறித் தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில் இருக்கிறது. அந்தக் கறுப்பால்தான் கண்ணாடி மாதிரி பிம்பம் விழுகிறது. 3,724 மீட்டர் உயரமான ஆவோராக்கி மலை பத்து நிமிடம் முழுதாகத் தெரிந்தது, தண்ணீரிலும் தலைகீழாக. பிறகு மேகம் மூடிக்கொண்டது.

அங்கிருந்து 26 கிலோமீட்டர் தெற்கே காப்லண்ட் நடைபாதை. கடைசி வரை போனால் வெந்நீர் ஊற்று, ஆனால் அது ஒரு நாள் நடை. நாங்கள் பாதி நாள் போய்த் திரும்புவதாகத் திட்டம். பாதை தெரிய மரங்களில் ஆரஞ்சு நிற முக்கோணம் அடித்திருக்கிறார்கள். வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டியே ரஃப் கிரீக் என்ற ஓடையை இறங்கிக் கடக்க வேண்டும். காலையில் கணுக்கால் அளவுதான். காட்டுக்குள் எல்லாமே பாசி அப்பா, கல், வேர், விழுந்த மரம், எல்லாம் பச்சை. அதற்கு மேலே ராட்டா மரங்கள் ரத்தச் சிவப்பாகப் பூத்திருந்தன. நின்றால் சேண்ட்ஃப்ளை என்ற சின்னக் கறுப்புப் பூச்சி மொய்த்துக் கடிக்கும், நடந்துகொண்டே இருந்தால் விட்டுவிடும். இந்த இடத்தின் அழகில் மயங்கி மனிதர்கள் இங்கேயே தங்கிவிடக்கூடாது என்று ஹினே-நுயி-தே-போ என்ற தேவி அதைப் பறக்கவிட்டாள் என்று, இன்னும் தெற்கே உள்ள கடற்கழிகளைப் பற்றி மாவோரிக் கதை ஒன்று உண்டு.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தபோது எங்கள் கார் தெரிகிறது, ஐம்பது அடி தூரம்தான். நடுவில் ஓடை முழங்காலுக்கு மேல், பழுப்பாக. "கையைக் கோத்துக்கொண்டு இறங்கிவிடலாம்" என்றாள் அவள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது, அடியில் கல் உருளும் சத்தம். கல்லே உருளுகிற தண்ணீரில் நம் கால் எப்படி நிற்கும்? முடியாது என்றேன். ஓடையோரமாக மேலே அரை மணி நேரம் நடந்தால் வெள்ளக்காலத்துக்கென்று ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. கொட்டுகிற மழையில் அதைத் தேடி ஏறிக் கடந்து, மறுகரையில் இறங்கி வண்டிக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் என்னிடம் பேசவே இல்லை. காரில் ஹீட்டரைப் போட்டுக் கை சூடான பிறகு, "நீ சொன்னது சரி" என்றாள்.

ரோடே இல்லாத காலத்தில் இந்தக் கரையை நடந்தே பார்த்தவர்கள் உண்டு. தாமஸ் பிரன்னர் என்ற வெள்ளைக்கார சர்வேயர் 1846 டிசம்பரில் நெல்சனிலிருந்து கிளம்பி, 550 நாள் கழித்துத் திரும்பினார். பசியில் தன் நாயையே தின்ன வேண்டி வந்தது. கால் செயலிழந்து விழுந்தபோது அவரை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டவர் கேஹு என்ற மாவோரி வழிகாட்டி. ஏரி, ஊர் என்று பிரன்னர் பெயரில் இருக்கின்றன. கேஹுவின் பெயரை இன்னும் பலர் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர், வாலிபத்தில் ரோடு போடும் வேலையில் இருந்தவர். தெற்கே ஹாஸ்ட் என்ற ஊருக்குப் போகிறேன் என்றதும், வழியில் நைட்ஸ் பாயின்டில் நிறுத்திப் பார் என்று இரண்டு தடவை சொன்னார். 1965-இல்தான் இந்தக் கரை ரோடு ஹாஸ்டோடு இணைந்திருக்கிறது. அதற்கான நினைவுக்கல் அங்கே இருக்கிறது. கீழே செங்குத்தாகக் கடல். நான் போட்டோ எடுத்துவந்து அவரிடம் காட்டினேன். கல்லை விட்டுவிட்டு, ஓரத்தில் தெரிந்த ரோட்டையே ரொம்ப நேரம் பார்த்தார். நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள்.

கடைசியாக ஹாஸ்ட் ஆற்றுப் பாலம். 737 மீட்டர், ஒரு வண்டி மட்டும் போகும் பாலங்களில் இந்த நாட்டிலேயே நீளமானது. அவ்வளவு நீளம் என்பதால் நடுவில் ஒதுங்கிக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள். பாதி தூரம் போனதும் எதிரே லாரி ஒன்று வருவது தெரிந்தது, முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, மழைக்குள். நான் ஒதுக்கி நிறுத்தினேன். கீழே ஆறு அகலமாக, சாம்பலாகப் போய்க்கொண்டிருந்தது. லாரி பக்கத்தில் வந்தபோது அந்த டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கினார். எதிரே வரும் பஸ்காரருக்கு நீங்கள் தூக்குவீர்களே, அதே மாதிரி. நானும் தூக்கினேன்.

போட்டோக்களைத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியர் சரிதானா, இல்லை மூன்றாவதே போதுமா என்று அடுத்த தடவை போனில் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்