செயலாளரின் ஆண்டறிக்கை: கரிக்கோச்சிக் காலத்தைப் பதிவு செய்தல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, ஓய்வுபெற்ற ரயில்வே ஐயாமாரே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகசபை வழமைபோல் மாதந்தோறும் கூடியது. சந்தா, செலவு விபரங்களைப் பொருளாளர் வாசிப்பார். கரிக்கோச்சி, அதாவது கரியில் ஓடும் நீராவி ரயில், ஓடிய காலத்து வேலைகளை, அவற்றைச் செய்தவர்களின் குரலிலேயே ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியதுதான் இந்த ஆண்டின் பெரிய பணி.

கல்ஓயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலைக்கு வரும் நமது ரயில் பாதை 1927இல் திறக்கப்பட்டது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியதை எல்லோரும் அறிவோம். அந்தப் போர்க்காலத்திலும் இந்தப் பாதையில் கரி எஞ்சின்கள்தான் இழுத்தன. அந்த எஞ்சின்களைப் பராமரித்த கைகளைப் பற்றி எழுத்தில் இருப்பது மிகக் குறைவு. இது எனக்குப் பெரும் மனக்குறை.

ஐயாமார் சொன்னவற்றுள் அதிகம் மனதில் நிற்பது இரவு வேலை. ஆறிய பொயிலரில் நீராவி ஏறப் பல மணிநேரம் பிடிக்கும். காலைக் கோச்சிக்கு முந்திய இரவே நெருப்பு மூட்டவேண்டும். சாம்பல் தட்டுவது, புகைக்குழாய்களைத் துலக்குவது, நாள் தவறாமல் எண்ணெய் விடுவது ஒருபுறம். பொயிலரை ஆறவைத்து உள்ளே படிந்த உப்பையும் சேற்றையும் கழுவுவது இன்னொருபுறம். கழுவாமல் விட்டால் தகடு சூடேறிப் பழுதாகும். ஒரு டிரைவரின் பெயருக்குப் பின்னால் இத்தனை பேரின் வியர்வை இருந்தது.

பொதுக்கூட்டமொன்றில் எஞ்சின்களை நிறுத்திவைக்கும் வட்டக் கொட்டகைகள் பற்றி ஓர் உரையும் நடந்தது. நடுவில் எஞ்சினைச் சுழற்றித் திருப்பும் திருப்புமேடை; அதிலிருந்து விசிறிபோல் விரியும் தண்டவாளங்கள்; ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் எஞ்சினுக்கு இடம். குறைந்த நிலத்தில் பல எஞ்சின்களை நிறுத்தலாம், எதையும் தனியாக வெளியே எடுக்கலாம். ஆனால் திருப்புமேடை பழுதானால் உள்ளே நிற்கும் எஞ்சின் ஒன்றுகூட அசையமுடியாது! எஞ்சின்கள் நீளமாகியபோது பழைய மேடைகள் போதாமற் போயின. இங்கிலாந்தின் டார்பியில் 1839இல் கட்டிய வட்டக் கொட்டகை இன்று கல்லூரி வளாகம். லண்டன் கேம்டனில் 1847இல் கட்டியது கலையரங்கம். பயன்பாடு கிடைத்த கட்டிடமே நிலைத்தது என்பது என் கருத்து. நாமும் பழைய ரயில்வே கட்டிடங்களுக்காக வாதாடும்போது, அங்கே என்ன நடத்தலாம் என்ற யோசனையையும் சேர்த்தே கொண்டுபோகவேண்டும்.

நமது நாட்டில் 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்தன. கொழும்புத் திட்டம் என்ற நாடுகளிடை உதவித் திட்டத்தின் கீழ் கனடா தந்தவையும் அவற்றுள் அடங்கும். பி. டி. ரம்பல ரயில்வே பொது முகாமையாளராக இருந்த காலத்தில் கரி எஞ்சின்கள் படிப்படியாக ஒதுக்கப்பட்டன. நெருப்பு மூட்டுவோர், சாம்பல் அள்ளுவோர், கரி ஏற்றுவோர் ஆகியோரின் கைத்தொழிலுக்கும் அதோடு தேவை அற்றுப்போனது. கடுகண்ணாவையில் 2014 முதல் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. எஞ்சின்களை அங்கே பார்க்கலாம். நமது பகுதியில் அவற்றோடு உழைத்தவர்களின் அனுபவத்தை நாம்தான் சேர்க்கவேண்டும்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகசபை இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. பதிவுகளின் பிரதியொன்றைப் பொது நூலகத்துக்கு வழங்குவது ஒன்று. பழைய வரைபடங்களைப் பார்வையிட ரயில்வே திணைக்களத்திடம் எழுத்துமூலம் அனுமதி கேட்பது மற்றது. வீட்டில் பழைய படமோ, சேவைப் புத்தகமோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். பிரதி எடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். எண்பது கடந்த ஐயாமாரின் வீடுகளுக்கு இந்த மாதமே போகவேண்டும், இளைஞர்கள் முன்வாருங்கள்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்